'அதிகம்' என்றாலே கூட்டலா? கணக்கை எழுதி யோசிக்கப் பழக்கும் முறை

4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. வாரம் 2 கணக்கு போதும், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம்.

கோடு போடாத நோட்டும் பென்சிலும் எடுங்கள். ரப்பர் வேண்டவே வேண்டாம். தப்பை ஒரே கோட்டால் அடிக்கட்டும். யோசனை எந்த இடத்தில் திரும்பியது என்பது அங்கேதான் தெரியும். ஜெல் பேனாவும் வேண்டாம். ஆடி மழையில் ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் தாள் நமுத்து, மை ஊறிவிடும்.

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய 4 படிகள்தான் அடிப்படை: புரிந்துகொள், வழி தேடு, செய், திரும்பிப் பார். பிள்ளைகள் நேராக மூன்றாவதில் போய்க் குதிப்பார்கள்.

முதல் படியில்தான் பாதி நேரம் போக வேண்டும். இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்:

"செல்வி 32 கிலோ தேயிலை பறித்தாள். இது ராணி பறித்ததைவிட 7 கிலோ அதிகம். ராணி பறித்தது எவ்வளவு?"

பலர் 39 என்பார்கள். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கை கூட்டலுக்குப் போய்விடும். 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று நாமே சொல்லிக்கொடுத்த குறுக்குவழியின் வினை இது. அந்த 'இது' யாருடைய இலையைச் சொல்கிறது என்பதைப் பிள்ளை பிடிக்கவில்லை.

எண்ணே இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்: 'செல்விதான் கூடப் பறித்தாள், ராணி குறைவு.' அதன் கீழே இரண்டு பட்டை வரையட்டும், செல்விக்கு நீளம், ராணிக்குக் குட்டை. பட்டை சரியாக விழுந்துவிட்டால் 32 – 7 = 25 தானாக வரும். வீட்டில் படுகு (நீலகிரிப் படுகர்களின் மொழி) பேசும் பிள்ளை முதலில் படுகிலேயே வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு எழுதட்டும்.

வழியை ஒரு வரியில் எழுதினால் போதும். ஆனால் 'கழித்தேன்' என்று நிறுத்த விடாதீர்கள். 'ஏனென்றால்' கட்டாயம்.

திரும்பிப் பார்ப்பதற்கு மீதி வரும் கணக்கே நல்லது. 350 கிலோ கேரட், மூட்டைக்கு 40 கிலோ. எல்லாவற்றையும் கட்ட எத்தனை சாக்கு? '8, மீதி 30' என்று எழுதிவிட்டு நிமிர்வார்கள். "அந்த 30 கிலோவைத் தரையிலேயே விட்டுவிடலாமா?" என்று மட்டும் கேளுங்கள், 9 என்று நீங்கள் சொல்லக் கூடாது.

மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் விளக்கத்துக்கு 2, விடைக்கு 1. சிவப்பு மையில் பெருக்கல் குறி போடாமல், தடுக்கிய வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. 'எனக்குக் கணக்கே வராது' என்கிற பிள்ளைக்கு, வராதது இந்த ஒரு வரிதான் என்று கண்ணில் படும்.

பின்சேர்க்கை: எழுதவே மறுக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதல் 2 வாரம் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள், தப்போடு சேர்த்து.