சிறிய பாய்மரப் படகு வாங்கும் முன்: லேசர் வகைகளை ஒப்பிடுவது எப்படி

முதல் பாய்மரப் படகு தேடுகிறவர்கள் விற்பனை விளம்பரங்களைப் பார்த்ததும் குழம்பிப்போவார்கள். லேசர் ஸ்டாண்டர்ட், ரேடியல், 4.7, ஐஎல்சிஏ 6, ஐஎல்சிஏ 7 என்று பெயர்கள் வரிசையாக வரும். படத்தில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அவை உண்மையிலேயே லேசர் என்ற ஒரே படகுதான். புரூஸ் கிர்பி வரைந்து, 1971-இல் விற்பனைக்கு வந்த, ஒருவர் ஓட்டும் படகு அது. நீளம் சுமார் 4.2 மீட்டர், வெறும் உடலின் எடை சுமார் 59 கிலோ. 2019-இல் ஐஎல்சிஏ என்ற பெயர் வந்தது; சர்வதேச லேசர் வகுப்புச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. ஸ்டாண்டர்ட் ஐஎல்சிஏ 7 ஆனது, ரேடியல் 6 ஆனது, 4.7 என்பது 4 ஆனது.

ஒப்பிடும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வித்தியாசத்தைப் பின்னால் மாற்ற முடியுமா, முடியாதா? பாய், கயிறு, பாய்மரம் எல்லாம் மாற்றக்கூடியவை. படகின் உடல் அப்படியல்ல. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் புதுப் பாயைப் பார்த்து மயங்கி, உடலைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

படி 1: உங்கள் எடையை எழுதுங்கள்

மூன்று வகைகளுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் பாயின் பரப்பு. ஐஎல்சிஏ 7-க்கு 7.06 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 4-க்கு 4.7. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தம் படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தாங்கவேண்டியது உங்கள் உடம்புதான். அதனால்தான் எடை முதலில் வருகிறது.

தோராயமாகச் சொன்னால், 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 4, 60 முதல் 75 வரை 6, அதற்கு மேல் 7. புதிதாகக் கற்பவர் இரண்டு வகைகளுக்கு நடுவில் இருந்தால் சிறிய பாயையே எடுங்கள். பெரிய பாயோடு பலத்த காற்றில் போனால் கவிழ்ந்து நிமிர்த்துவதிலேயே நேரம் போய்விடும், ஓட்டக் கற்க முடியாது.

தவறான அளவு வாங்கிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மட்டும் மாற்றினால் அதே படகு வேறு வகையாகிவிடும், மேல்துண்டு மூன்றுக்கும் பொது. 4-இன் கீழ்த்துண்டு குட்டையாக, பின்பக்கம் வளைந்திருக்கும். சிறிய பாயின் இழுவிசை முன்னால் நகர்ந்து படகின் சமநிலை கெடாமல் இருக்கவே அந்த வளைவு. விற்பவர் அதை 'வளைந்துபோன மரம்' என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

படி 2: பெயரை நம்பாதீர்கள்

லேசர் 2, லேசர் பிக்கோ என்றும் படகுகள் உண்டு. அவை இதன் வகைகள் அல்ல, வேறு படகுகள். லேசர் 2 இருவர் ஓட்டுவது, பிக்கோ பிளாஸ்டிக்கால் ஆனது. பாகங்களை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போட முடியாது.

பாயிலும் இந்தக் கவனம் வேண்டும். அனுமதி பெறாத நகல் பாய் மலிவு, பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வகுப்பு விதிப்படி, அதாவது இந்தப் படகுக்கென்று சங்கம் வகுத்த விதிப்படி, நடக்கும் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். போட்டி எண்ணம் இருந்தால் இதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 3: உடலைச் சோதியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும்.

முதலில் பாய்மரம் இறங்கும் குழி. லேசரின் மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் கிடையாது, குழிக்குள் நின்று பாயோடு சேர்ந்து திரும்பும். உள்ளே மணல் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அடித்தளம் தேயும். குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் தண்ணீர் படகுக்குள் போகிறது என்று அர்த்தம். அந்தப் படகை விட்டுவிடுங்கள். தேர்ந்த கை சரிசெய்துவிடும், ஆனால் அது முதல் படகில் கற்கவேண்டிய வேலை இல்லை.

அப்புறம் மேல்தளம். ஓட்டுபவர் உட்காரும் பக்கங்களிலும் குழியைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்துங்கள், விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல இடத்தில் சத்தம் 'டக்' என்று கெட்டியாக வரும். மந்தமாக ஒலித்தாலோ அமுங்கினாலோ ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேற்பூச்சில் தெரியும் மெல்லிய கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம், பழைய படகில் அது சகஜம்.

கடைசியாக எடை. உடலை மட்டும் இரண்டு எடைக் கருவிகளின் மேல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என வைத்து இரண்டையும் கூட்டுங்கள். 65 கிலோவைத் தாண்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கலாம், அல்லது பெரிய பழுதுபார்ப்பு நடந்திருக்கலாம். எது என்று கேளுங்கள்.

படி 4: மற்ற பாகங்கள்

பாய்மரத் துண்டுகளைச் சமதரையில் உருட்டுங்கள். நேரானது சீராக உருளும், வளைந்தது தத்தித் தத்திப் போகும். மேல்துண்டில், இரண்டு துண்டும் சேரும் வளையத்தின் ஆணித்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், ஒடிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐஎல்சிஏ 7-க்கு 2015 வாக்கில் தடித்த துணியில் புதிய வெட்டுப் பாய் வந்தது. பழையதைவிட அது உருக்குலையாமல் நெடுநாள் நிற்கும். பழகத் தொடங்கும்போது பழைய பாயே போதும்.

கயிறுகளில் மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்யுங்கள். பழைய படகுகளில் பாயை இறுக்கும் கயிறுகளுக்குக் கப்பிகள் குறைவு, காற்று பலத்ததும் இழுக்கவே முடியாது. பின்னர் விதிகள் தளர்ந்து, கூடுதல் கப்பிகளோடு கட்டுப்பாட்டுக் கயிறுகள் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தன. எடை குறைவானவர் பாயின் பலத்தைக் குறைத்து ஓட்ட இது பெரிய உதவி.

படி 5: தாளில் ஒப்பிட்டு, தண்ணீரில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு படகுக்கும் கேட்கும் விலையை எழுதி, குறைகிற பாகங்களின் விலையை அதோடு கூட்டுங்கள். டேகர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை), சுக்கான், அதன் கைப்பிடி, படகைத் தள்ளும் வண்டி எல்லாம் சேர்ந்து வருகிறதா? வண்டி இல்லாத மலிவுப் படகு பல நேரம் மலிவாக இருப்பதில்லை.

இரண்டு படகுகள் மிஞ்சினால் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் முன் பின்பக்க அடைப்பானைத் திறந்து உள்ளிருப்பதை வடியவிட்டு மூடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிக் கரையேறியதும் முன்பக்கத்தைத் தூக்கி மறுபடி திறங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. பக்கெட் கணக்கில் வந்தால் மற்றதை வாங்குங்கள்.