பாரஃபின் பிளாக்கிலிருந்து ஸ்லைடு வரை: திசுவியல் ஆய்வகத்தில் நல்ல வெட்டு எடுப்பது எப்படி?

மெழுகில் பதித்த திசுவை மெல்லிய வெட்டுகளாகச் சீவும் கருவியான மைக்ரோடோமின் முன் முதன்முதலாக உட்காருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு ரிப்பன் போல நீளமாக வரும் வெட்டு, தமக்கு மட்டும் ஏன் சுருண்டும் கிழிந்தும் வருகிறது என்பதே அது. கைப்பழக்கம் போதவில்லை என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியான பிளாக் மைக்ரோடோமுக்கு வருவதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் திசுவுக்கு என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. ஆகவே சக்கரத்தைச் சுற்றப் பழகுவதற்கு முன்பே, ஒரு பிளாக்கைப் பார்த்து அது வந்த வழியைக் கணிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஆய்வக நுட்பவியல் மாணவர்களையும் நோயியல் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து, ஹீமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரு சாயங்கள் ஏற்றிய வழக்கமான ஸ்லைடு ஒன்று உருவாகும் முறையை இங்கே எழுதுகிறேன்.

அறுவை அரங்கிலிருந்து வரும் திசு முதலில் சேர வேண்டிய இடம், அதை அழுகாமல் நிலைப்படுத்தும் 10 சதவீத நடுநிலை ஃபார்மலின். இந்தப் பத்து சதவீதம் என்ற பெயர் பலரைக் குழப்புவதுண்டு. கடையிலிருந்து வரும் கரைசலிலேயே ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம்தான் இருக்கும். அதில் ஒரு பங்கை ஒன்பது பங்கு நீரோடு கலப்பதால், நாம் பயன்படுத்தும் கரைசலில் உண்மையான ஃபார்மால்டிஹைடு 4 சதவீத அளவே இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி வடிநீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் என்பது வழக்கமான அளவு. இரண்டு பாஸ்பேட் உப்புகளையும் வீண் செலவு என்று விட்டுவிட்டால், நாளடைவில் கரைசலில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்து, மண்ணீரல் போல இரத்தம் மிகுந்த திசுக்களில் பழுப்புக் கறுப்பான நிறமித் துகள்கள் படியும். அவற்றைப் பிக்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து நீக்கலாம் என்றாலும், தொடக்கத்திலேயே உப்பைச் சேர்த்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது.

திசுவின் கன அளவைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும் என்பதால், முழு உறுப்பை அப்படியே போட்டு மூடிவைத்தால் வெளிப்புறம் இறுகும், உள்ளே அழுகல் தொடரும். துண்டுகள் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேல் போகக் கூடாது. 1893-இல் ஃபெர்டினாண்ட் பிளும் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல்களின் தோல் இறுகிப்போனதைக் கவனித்தார்; திசுவை நிலைப்படுத்த அது உதவும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. அவர் விரலுக்கு நேர்ந்தது நம் விரலுக்கும் நேரும் என்பதோடு, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. எனவே கையுறையும் காற்றுப் போக்கியும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

நிலைப்படுத்திய திசுவிலிருந்து நீரை அகற்றி, அந்த இடத்தில் மெழுகை ஏற்றுவதுதான் அடுத்த வேலை. நீரும் மெழுகும் ஒன்றோடொன்று கலக்காது என்பதால், 70, 90, 100 சதவீதம் என்று ஏறுவரிசையில் ஆல்கஹால், அதன் பின் ஆல்கஹாலோடும் மெழுகோடும் கலக்கும் சைலீன், இறுதியில் உருகிய பாரஃபின் என்று படிப்படியாகப் போகிறோம். நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில், எத்தில் ஆல்கஹாலுக்கு உரிமம் வாங்கும் தொல்லையை எண்ணி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையே வைத்துக்கொள்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. திசு உள்ளே போன உடனே சைலீன் பால்போல் கலங்கினால், திசுவில் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். அப்போது சைலீனை மாற்றினால் மட்டும் போதாது. திசுவை மீண்டும் தூய ஆல்கஹாலுக்கு அனுப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மெழுகின் உருகுநிலை பெரும்பாலும் 56 முதல் 58 பாகை செல்சியஸ்; மெழுகுத் தொட்டியை அதைவிட இரண்டு மூன்று பாகை மட்டும் கூடுதலாக வைத்தால் போதும். சூடு மிகுந்தால் திசு சுண்டி, மொறுமொறுப்பாகிவிடும்.

மெழுகில் பதிக்கும்போது திசு எந்தப் பக்கம் பார்த்து அமர்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஸ்லைடில் தெரியும். தோலைத் தட்டையாகப் படுக்கவைத்துப் பதித்தால் மேல்தோல் மட்டுமே வரும். விளிம்பில் நிமிர்த்தி வைத்தால்தான் மேல்தோலிலிருந்து கொழுப்புவரை எல்லா அடுக்குகளும் ஒரே வெட்டில் கிடைக்கும். குடல்வாலின் குறுக்குத் துண்டு வட்டமாகத் தெரிய வேண்டும். பித்தப்பைச் சுவரும் தோலைப் போலவே நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். இதை இரண்டு நொடியில் செய்துவிடலாம்; தவறவிட்டால் உருக்கி மறுபடி பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி மைக்ரோடோம். இன்று நாம் பயன்படுத்தும் சுழல் மைக்ரோடோமின் அமைப்பு 1880-களில் உருவானது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளாக் மேலும் கீழும் ஒருமுறை போய்வந்து, குறித்த அளவு முன்னே நகரும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. உட்கார்ந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது சக்கரத்தைப் பூட்டுவது. பிளாக்கை மாற்றும்போதும், பிளேடை மாற்றும்போதும், தூசியைத் துடைக்கும்போதும் பூட்டு போட்டிருக்க வேண்டும், பிளேடின் காப்புத் தகடும் மேலே ஏறியிருக்க வேண்டும். பிளேடைக் கடைசியாகப் பொருத்துவது, முதலில் கழற்றுவது என்ற வழக்கம் விரல்களைக் காப்பாற்றும்.

பிளாக்கின் முகத்தை 10 முதல் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் சீவி, திசு முழுவதும் தெரியும் தளத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகச் சீவினால் திசு துண்டு துண்டாகப் பிய்ந்து, பூச்சி அரித்ததுபோல ஓட்டைகள் விழும். சிறிய பயாப்சியாக இருந்தால் நோய் இருந்த பகுதியே குப்பைக்குப் போய்விடும். சீவி முடித்த பிளாக்கை ஈரமான பனிக்கட்டியின் மேல், முகம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். குளிர் மெழுகைக் கெட்டியாக்குகிறது, உருகும் நீர் காய்ந்த திசுவைச் சற்று இளக்குகிறது. ஆனால் இதைச் செய்துவிட்டு நெடுநேரம் வேறு வேலையில் மூழ்கிவிடக் கூடாது, ஏனெனில் நீரை மிகுதியாகக் குடித்த திசு மெழுகுத் தளத்துக்கு மேலே புடைத்துவிடும்.

பின்பு பிளேடின் புதிய பகுதிக்கு நகர்ந்து, தடிப்பை 4 மைக்ரானுக்கு வைத்து, சக்கரத்தை மெதுவாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சிறுநீரகத்துக்கு 2 அல்லது 3 மைக்ரான், காங்கோ சிவப்புச் சாயத்தில் அமிலாய்டு என்ற புரதப் படிவைப் பார்ப்பதற்கு 8 முதல் 10 மைக்ரான் என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். முதல் வெட்டின் கீழ் விளிம்பைத் தூரிகையால் மெல்லத் தாங்கிக்கொண்டால், அடுத்தடுத்த வெட்டுகள் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு ரிப்பனாக இறங்கும். வெட்டும்போது உண்டாகும் சிறு வெப்பம் மெழுகின் விளிம்பை இளக்குவதால்தான் அவை ஒட்டுகின்றன. தூரிகையைப் பிளேடின் முனையை நோக்கி ஒருபோதும் இழுக்கக் கூடாது. முனையிலிருந்து விலகும் திசையிலேயே இழுக்க வேண்டும்.

குறைகள் தோன்றும்போது அவற்றின் காரணத்தை வெட்டே சொல்லிவிடும். ரிப்பனில் நெடுக்காகக் கோடு விழுந்தால், பிளேடில் பல் விழுந்திருக்கிறது அல்லது திசுவில் சுண்ணாம்புத் துகள் இருக்கிறது. பிளேடை நகர்த்திப் பார்த்தும் கோடு அதே இடத்தில் வந்தால் குற்றம் திசுவினுடையது. பிளாக்கின் முகத்தைச் சிறிது நேரம் சுண்ணாம்பு நீக்கும் அமிலத்தில் நனைத்துவிட்டு வெட்டலாம். ஒரு வெட்டு தடிப்பாகவும் அடுத்தது மெல்லியதாகவும் மாறி மாறி வந்தால், எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. வெட்டு பிளாக்கைவிடக் குட்டையாகச் சுருங்கி வந்தால் பிளேடு மழுங்கியிருக்கலாம், அல்லது பிளாக் சூடாகியிருக்கலாம். சென்னையின் மே மாதத்து மதியத்தில் இரண்டாவது காரணத்தையே முதலில் சந்தேகிக்கலாம். ரிப்பன் ஒரு பக்கமாக வளைந்து போனால் பிளாக்கின் மேல், கீழ் விளிம்புகள் இணையாக இல்லை. சன்னல் பலகைகளைப் போல வரிவரியாக அதிர்வுத் தடம் தெரிந்தால், திசு அளவுக்கு மீறி உலர்ந்திருக்கிறது, அல்லது பிளேடின் சாய்வுக் கோணம் மிகுந்திருக்கிறது. இந்த வரிசையில் பாதிக்கு மேல், மைக்ரோடோமுக்கு வெளியே நடந்தவற்றின் விளைவு என்பதைக் கவனித்தால், சக்கரத்தை வேகமாகச் சுற்றி எதையும் சரிசெய்ய முடியாது என்பது தானே விளங்கும்.

ரிப்பனை வாட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியில் விடுவது கைத்திறனைச் சோதிக்கும் வேலை. நீரின் வெப்பம் மெழுகின் உருகுநிலையைவிட ஏறத்தாழ 10 பாகை குறைவாக, அதாவது 45 முதல் 48 பாகை அளவில் இருக்கட்டும். ரிப்பனின் பளபளப்பான அடிப்புறம் நீரைத் தொடும்படி, ஒரு முனையை முதலில் படியவிட்டு, மறுமுனையைச் சற்றே பின்னுக்கு இழுத்தபடி இறக்கினால் சுருக்கங்கள் பெரும்பாலும் விரிந்துவிடும். நீர் சூடானால் திசு பரந்து, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். குளிர்ந்திருந்தால் மடிப்பு நீங்காது. கறுப்பு அடித்தளத்தில் மடிப்பும் காற்றுக் குமிழும் தெளிவாகத் தெரியும் என்பதால்தான் வாட்டர் பாத்தின் உட்புறம் கறுப்பாக இருக்கிறது. நல்ல வெட்டை இடுக்கி முனையால் பிரித்து, ஸ்லைடை ஏறக்குறைய நிமிர்த்தி நீருக்குள் இறக்கி, வெட்டின் விளிம்பு கண்ணாடியைத் தொட்டதும் மேலே தூக்க வேண்டும்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் இடையே நீரின் மேற்பரப்பை மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முந்தைய நோயாளியின் திசுத் துணுக்கு ஒன்று மிதந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஏறிவிட்டால், இல்லாத புற்றுநோய் இருப்பதாக எழுதப்படும் ஆபத்து உண்டு. நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், குடல்வால் ஸ்லைடின் ஓரத்தில் மார்பகத் திசு போன்ற ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மருத்துவர் அதைக் கண்டுகொண்டு புதிய வெட்டு கேட்டதால் தீங்கு நேரவில்லை. அன்று முதல் வாட்டர் பாத்துக்கு அருகே தாள் கட்டு இல்லாமல் நான் உட்கார்ந்ததில்லை.

நீர் வடிந்த ஸ்லைடை 60 பாகையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் வெட்டு கண்ணாடியில் நன்றாக ஒட்டும். பிறகு சைலீனில் இருமுறை ஐந்தைந்து நிமிடம் வைத்து மெழுகைக் கரைத்து, ஆல்கஹாலின் இறங்குவரிசை வழியாக நீருக்குக் கொண்டுவர வேண்டும். ஹாரிஸ் ஹீமடாக்ஸிலினில் 5 முதல் 10 நிமிடம் இருந்த ஸ்லைடை, 1 சதவீத அமில ஆல்கஹாலில் சில முறை மட்டும் முக்கி எடுத்து மிகுதிச் சாயத்தை நீக்குகிறோம். இங்கே உட்கரு செந்நிறமாகத் தெரியும். காரத்தன்மையுள்ள நீரில் சில நிமிடம் வைத்த பிறகுதான் அது நீலமாகிறது. பல இடங்களில் குழாய்த் தண்ணீரே இதற்குப் போதும். ஆர்.ஓ. கருவி வாங்கிய ஓர் ஆய்வகத்தில், திடீரென்று எல்லா ஸ்லைடுகளும் ஊதாச் சிவப்பாகவே நின்றுவிட, சாயப் புட்டியை மாற்றி மாற்றி ஒரு வாரம் வீணாயிற்று. உப்பு நீங்கிய நீர் சற்றே அமிலத்தன்மை கொள்வதே காரணம். லிட்டருக்கு 3.5 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் 20 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் கலந்த ஸ்காட் கரைசலை வைத்த அன்றே நீலம் திரும்பியது.

ஈயோசினில் ஓரிரு நிமிடம் போதும். நன்றாகச் சாயமேறிய ஸ்லைடில் சிவப்பணு, தசை, நார்த் திசு ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவு இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால், ஈயோசினை நீக்கும் நேரம் போதவில்லை. நீர்த்த ஆல்கஹால் ஈயோசினை விரைந்து உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே தாமதிக்காமல், தூய ஆல்கஹாலுக்கும் சைலீனுக்கும் கொண்டுபோய், ஸ்லைடு காய்வதற்கு முன்பே டி.பி.எக்ஸ். என்ற ஒட்டும் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்க வேண்டும்.

ஸ்லைடு தட்டில் ஏறுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு உண்டு. பிளாக்கையும் ஸ்லைடையும் அருகருகே வெளிச்சத்தில் பிடித்து, இரண்டின் எண்ணும் ஒன்றா, பிளாக்கின் முகத்தில் எத்தனை துண்டுகள், எந்த வடிவில் இருக்கின்றனவோ அத்தனையும் அதே வடிவில் ஸ்லைடில் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்து துண்டு இருந்த பயாப்சியில் நான்கு மட்டும் தெரிந்தால், ஸ்லைடை மருத்துவரிடம் அனுப்பாமல், பிளாக்கை மீண்டும் பனிக்கட்டியின் மேல் வைத்து இன்னும் சில வெட்டுகள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.