பழைய ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். நல்ல பெயிண்ட், தோல் இருக்கை, வால்நட் மரப் பலகை, முன்னால் அந்தப் புகழ்பெற்ற வெள்ளி நிறச் சிலை எல்லாம் இருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ ஒன்று, ஒரு புதிய குடும்பக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. 1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் குரூ நகரத் தொழிற்சாலையில் தயாரான இந்தக் கார், அதுவரை வந்த எந்த ரோல்ஸ்-ராய்ஸையும்விட அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அதனால் சந்தையில் எப்போதும் சில கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

கார் மலிவாகிவிட்டது, அதன் உதிரி பாகங்களும் வேலைக்கூலியும் மலிவாகவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும். வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறே கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுவதுதான். அப்புறம் பிரேக் வேலை என்று ஒன்று வரும்போது வண்டி ஷெட்டிலேயே நின்றுவிடுகிறது. நின்ற வண்டி இன்னும் கெடும். பாதி விலைக்குக் கிடைக்கும் சுமாரான வண்டியை வாங்கிச் சரி செய்துகொள்ளலாம் என்ற கணக்கு இந்த மாடலில் அநேகமாகத் தப்பாகவே முடியும். நல்ல நிலையில் இருப்பதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் கடைசியில் சிக்கனம்.

இனி பிரேக்குக்கு வருவோம். இந்தக் காரைப் புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதாரணக் கார்களில் நம் கால் அழுத்தத்தை ஒரு வேக்கம் பூஸ்டர் கூட்டிக்கொடுக்கும். ஷேடோவில் வேலை அப்படி நடப்பதில்லை. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டே இரண்டு சிறிய பம்புகளை இயக்குகிறது. அவை பிரேக் ஆயிலை மிக அதிக அழுத்தத்தில், நைட்ரஜன் வாயு அடைத்த இரண்டு உருண்டைகளில் சேமித்து வைக்கின்றன. பிரேக்குக்கும், பின்பக்கம் தாழாமல் வண்டியைச் சமமாக நிறுத்தும் சஸ்பென்ஷனுக்கும் அந்த அழுத்தம்தான் ஆதாரம். இந்தத் தொழில்நுட்பம் பிரான்சின் சிட்ரோவன் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்று எடுத்தது. நன்றாகப் பராமரித்தால் அருமையாக வேலை செய்யும். விட்டுவிட்டால் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு ரப்பர் சீலும் தனித்தனியாகச் செலவு வைக்கும்.

விற்பவர் எஞ்சினை முன்பே சூடாக்கி வைத்திருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன், வண்டியைத் தொடாமல் வையுங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் பிரேக் அழுத்தத்துக்கென்று இரண்டு எச்சரிக்கை விளக்குகள் உண்டு. வண்டி வெகுநேரம் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்ததும் அவை எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிட வேண்டும். சில நிமிடங்கள் ஓடவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து மிதித்து எண்ணுங்கள். நல்ல வண்டியில் பலமுறை மிதித்த பிறகுதான் விளக்கு எரியும். நாலைந்து மிதியிலேயே எரிந்தால் உருண்டைகளில் வாயு போய்விட்டது என்று அர்த்தம். இதைச் சோதிக்க ஒரு கருவியும் தேவையில்லை, ஆனால் சோதிக்காமல் வாங்கிவிடுகிறவர்களே அதிகம்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறு இதைவிடக் கொடுமையானது. ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற தனி பிரேக் ஆயில் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண பிரேக் ஆயிலில், அந்தப் பம்புகளுக்கு வேண்டிய வழவழப்பு இல்லை. பம்பு தேயும், கிறீச்சிடும். அதைவிட மோசம், 1980-இல் வந்த அடுத்த மாடலான சில்வர் ஸ்பிரிட்டுக்கு உரிய பச்சை நிற மினரல் ஆயிலை இதில் ஊற்றிவிடுவது. "ரெண்டும் ரோல்ஸ்-ராய்ஸ்தானே" என்று நினைத்து ஊற்றினால், பிரேக் அமைப்பில் உள்ள ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். பிறகு மொத்த அமைப்பையும் பிரிக்க வேண்டியதுதான். எனவே வாங்கும்போதே முன்பு என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். சரியான ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரு பெட்டி நிறைய பில் இருக்கிறது என்று விற்பவர் காட்டும்போது மயங்குவது இன்னொரு தவறு. அந்தப் பில்களில் பாதி எஞ்சின் ஆயில் மாற்றியது, டயர் போட்டது, பாலிஷ் செய்தது என்று இருக்கலாம். உருண்டைகளுக்கு எப்போது வாயு நிரப்பினார்கள், பிரேக் ஹோஸ்களை எப்போது மாற்றினார்கள், சக்கரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர்களுக்கு எப்போது சீல் போட்டார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் தேதியோடு காகிதம் இருந்தால் அந்தப் பெட்டிக்கு மதிப்பு உண்டு.

அடுத்தது துரு. ஷேடோதான் சேஸிஸ் என்ற தனி அடிச்சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக நின்ற முதல் ரோல்ஸ்-ராய்ஸ். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வெறும் அலங்காரம் இல்லை, வண்டியின் பாரத்தையே தாங்குகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு சில்லிலும், பின்சக்கர வளைவிலும், முன் மட்கார்டின் கீழ்மூலையிலும் தங்கிவிடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள். கூரைக்கு வினைல் போர்த்தியிருந்தால் அதன் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், குமிழ் தட்டுப்பட்டால் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷேடோவின் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். காந்தம் ஒட்டாததைப் பார்த்து "பட்டி பூசியிருக்கிறார்கள்" என்று விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். காந்தத்தைச் சில்லிலும் சக்கர வளைவிலும் வையுங்கள், அங்கே இருப்பது இரும்பு. அங்கே ஒட்டவில்லை என்றால் சண்டை போட நியாயம் உண்டு.

"ஐம்பது வருஷத்தில் முப்பதாயிரம் மைல்தான் ஓடியது" என்ற வாக்கியத்துக்குப் பலர் அதிக விலை கொடுக்கிறார்கள். மற்றக் கார்களுக்கு எப்படியோ, இந்தக் காருக்குச் சும்மா நிற்பதே நோய். சீல் காயும், காலிப்பர் பிஸ்டன் இறுகும், கூலன்ட் பழசாகி அலுமினிய எஞ்சினை உள்ளிருந்து அரிக்கும். ஒழுங்காக ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த எண்பதாயிரம் மைல் வண்டியைத்தான் நான் எடுப்பேன். எஞ்சின் பிளாக்கின் இரு பக்கமும் சிறு துளைகள் உண்டு. சிலிண்டருக்குள் பொருத்திய லைனர் என்ற உலோக உறையின் அடிச் சீல் கெட்டால் கூலன்ட் அந்த வழியாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். அங்கே கறை இருக்கிறதா, அல்லது யாராவது துளையையே அடைத்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடைத்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

எம்ஓடி என்ற, பிரிட்டனில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை தேவையில்லை என்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, நாற்பது ஆண்டுக்கு மேலான கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அந்த ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. அதற்கு அர்த்தம் வண்டி நன்றாக இருக்கிறது என்பதல்ல, யாரும் சோதிக்கவில்லை என்பதே. பணம் கட்டினால் இப்போதும் சோதனை செய்யலாம். விற்பவர் சம்மதித்தால் செய்யச் சொல்லுங்கள். பழைய சோதனைகளின் விவரம் பதிவு எண்ணைப் போட்டாலே அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்த ஆண்டு எத்தனை மைல், எங்கே துரு என்று குறித்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். விற்பவர் சொல்லும் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளை நிற ஷேடோக்களில் சிறிது கூடுதல் கவனம் வேண்டும். கல்யாண வாடகைக்காக வேறு நிறத்திலிருந்து வெள்ளைக்கு மாற்றியவை நிறைய உண்டு. டிக்கிக்குள்ளும் கதவு ஓரங்களிலும் பழைய நிறம் தெரியும். சேஸிஸ் எண் என்ற, வண்டியின் அடையாள எண்ணும் பேசும். எஸ்ஆர்எச் என்று தொடங்கினால் வலதுகை ஸ்டீயரிங் ரோல்ஸ்-ராய்ஸ், எஸ்பிஎச் என்றால் அது உண்மையில் ஷேடோவின் இரட்டைப் பிறவியான பென்ட்லி டி. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்ன நிறம், யாருக்குப் போனது என்ற பதிவுகள் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கத்திடம் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம்.

எந்த ஆண்டு மாடல் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். 1970-இல் எஞ்சின் 6,230 சிசியிலிருந்து 6,750 சிசி ஆனது. 1977-இல் வந்த 'ஷேடோ 2' மாடலில் ரேக் அண்ட் பினியன் என்ற பல்சட்ட வகை ஸ்டீயரிங் இருப்பதால் ஓட்டத் துல்லியமாக இருக்கும். ஆனால் அதன் தானியங்கி ஏசி சிக்கலானது. ஏசி எல்லா நிலையிலும் வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். பெட்ரோலைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்ததுதான். பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும் என்பதால், ஐந்து சதவீதம் வரை மட்டுமே கலக்கும் சூப்பர் பெட்ரோலை ஊற்றி, குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். வண்டி வந்த பிறகு, மழை இல்லாத நாளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எடுத்து, எஞ்சின் முழுதும் சூடாகும்வரை, பிரேக்கும் நன்றாக வேலை செய்யும்படி ஓட்டி வாருங்கள்.