ஆய்வு மாணவர் துவண்டுபோனால், கூட இருப்பவர் செய்ய வேண்டியவை

லேப் நண்பர் கைடைக் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரைக்) கண்டதும் வேறு படிக்கட்டில் இறங்குகிறாரா? சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள். “தீசிஸ் எப்போ முடியும்?” என்று மட்டும் கேட்காதீர்கள், ஊரில் சித்தப்பாவரை எல்லாரும் கேட்டாயிற்று. “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேளுங்கள்.

பெரும்பாலும் சிக்கல், கைடு அனுப்பி இன்னும் திறக்காத ஒரு மெயிலில் இருக்கும். நாள் தள்ளத் தள்ள, பதில் போட்டால் முழு அத்தியாயத்தோடுதான் போட வேண்டும் என்ற பயம் வளரும். பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே வரி அடிக்க வையுங்கள்: முடிந்தது இது, நின்றது இங்கே, வியாழக்கிழமை 20 நிமிடம் வேண்டும். மன்னிப்புப் புராணம் வேண்டாம். சந்தித்த அன்றே, பேசி முடிவானதைக் கைடுக்கு மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு பேச்சு மாறினால் கையில் எழுத்து இருக்கும்.

கைடோடுதான் பிரச்சினை என்றால், யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிப்படி செமஸ்டருக்கு ஒருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசலாம்.

பணத்தையும் விசாரியுங்கள். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், ஆனால் அது வரத் தாமதமானால் மெஸ் பாக்கி காத்திருக்காது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேசினால், “தற்கொலை எண்ணம் இருக்கா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் முளைக்காது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். தனியே விடாமல், அங்கிருந்தே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழையுங்கள். 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.