லாபத்தை மட்டும் பார்த்து ஃபண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

இரண்டு தனியார் மியூச்சுவல் ஃபண்டுகளை ஒப்பிடும்போது, அவை ஒரே வகையைச் சேர்ந்தவையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் லார்ஜ் கேப் ஃபண்டைச் சிறிய நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஸ்மால் கேப் ஃபண்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அடுத்து, ஃபண்டை நடத்தும் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட்ஷீட் என்ற தகவல் அறிக்கையில், லாப விவரத்தோடு நில்லாமல், திட்ட விலக்கம் (லாபம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு), ஷார்ப் விகிதம் (அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்த பலன் கிடைத்ததா என்பதன் அளவு) ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு ஃபண்டின் சராசரி ஆண்டு லாபம் 14 சதவீதம், திட்ட விலக்கம் 22, மற்றொன்றின் லாபம் 12 சதவீதம், திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். ரிஸ்க் இல்லாத முதலீட்டில் 6 சதவீதம் கிடைக்குமென்றால், அதை லாபத்திலிருந்து கழித்து, மீதியைத் திட்ட விலக்கத்தால் வகுக்கும்போது, முதல் ஃபண்டுக்கு ஷார்ப் விகிதம் ஏறத்தாழ 0.36 என்றும், இரண்டாவதற்கு 0.40 என்றும் வருகிறது. அதாவது, குறைவாக ஈட்டிய ஃபண்டுதான் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்த பலனைக் கூடுதலாகத் தந்திருக்கிறது. விளம்பரத்தில் இது தெரியாது என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்துள்ள, ஃபண்டின் ரிஸ்க் அளவைக் காட்டும் 6 நிலை ரிஸ்கோமீட்டரில் பெரும்பாலான பங்குச்சந்தை ஃபண்டுகள் 'மிக அதிக ரிஸ்க்' நிலையிலேயே இருப்பதால், அதை மட்டும் வைத்து அவற்றைத் தரம் பிரிக்க இயலாது.