சோலைக்குள் மாண்ட படை: மேசைப்போர் விளையாட்டுக்கு ஒரு பேய்ப்படையை உருவாக்கும் முறை

மேசைப்போர் விளையாட்டுக்காக நாமே ஒட்டி, நிறம் பூசி, படையாக நிறுத்தும் சிற்றுருவங்களில் எலும்புக்கூடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் அதே விலா எலும்பும் அதே மண்டையோடும்தான் வெளியே வருகின்றன; நாமும் அதே எலும்பு நிறத்தைத்தான் அவற்றின்மேல் பூசுகிறோம். ஆகவே ஒரு பேய்ப்படை இன்னொரு பேய்ப்படையிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டுமானால், அந்த வேறுபாடு அது எழுந்து வந்த மண்ணிலிருந்தும், அந்த மண் எலும்பிலும் உலோகத்திலும் துணியிலும் ஏற்றிய கறையிலிருந்தும்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குன்னூரில் என் மேசைமேல் நிற்கும் படையை அந்த எண்ணத்தோடுதான் கட்டினேன். முதன்முறையாகப் படை சேர்க்க முனைபவர்களுக்கு அந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டுவது, அச்சு விட்டுச்சென்ற கோடுகளைச் சுரண்டுவது போன்றவை எந்தப் பெட்டியின் குறிப்பிலும் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டி வாங்கும் முன் ஒரு வாக்கியம்

இவர்கள் யார், எங்கே இறந்தார்கள், ஏன் எழுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். என் வாக்கியம் இது: மலையேறி வந்த ஒரு தண்டநாயகனின் படை மூடுபனியில் வழிதவறிச் சோலைக்குள் மாண்டு, உறைபனி இறங்கும் இரவுகளில் எழுந்து நடக்கிறது. தண்டநாயகன் என்றால் படைத்தலைவன்; சோலை என்று இங்கே நான் சொல்வது நீலகிரியின் உயரங்களில் குட்டை மரங்கள் அடர்ந்த மலைக்காட்டை. கதை முழுக்கக் கற்பனைதான் என்றாலும் இதன் வித்து வரலாற்றில் உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகனான புணிசன் நீலமலையைக் கைப்பற்றியதாக 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. கோத்தகிரிக்கு அருகில் ஜக்கநாரையிலும், சோலூர், மேலூர் பகுதிகளிலும் வீரர் உருவங்கள் செதுக்கப்பட்ட கற்திட்டைகள் (கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழைய நினைவுச் சின்னங்கள்) இருக்கின்றன. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆயுதம், கேடயம், நிறம் எல்லாம் தாமாகவே தீர்மானமாகிவிடுகின்றன.

இங்கே ஓர் எல்லையையும் வகுத்துக்கொண்டேன். தோடர், கோத்தர் முதலிய மக்களின் ஈமச் சடங்குகளையோ, தோடர் போர்வையின் பூவேலையையோ, எருமைக் கொம்புச் சின்னத்தையோ இந்தப் படையில் நான் ஏற்றவில்லை. அவை இன்றும் இங்கே வாழும் மக்களின் வழக்கங்கள். விளையாட்டுப் பேய்க்கு அணிகலனாக அவற்றை எடுப்பது முறையன்று. வெளியிலிருந்து வந்து மாண்ட ஒரு படை என்று கதையை அமைத்ததற்கு அதுவே காரணம்.

எந்த விதி, எத்தனை உருவங்கள்

தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘கிங்ஸ் ஆஃப் வார்’ என்ற விதித்தொகுப்பு. அதில் ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே பொருளாகக் கருதப்படுகிறது. அடிபட்ட கணக்கை மட்டும் குறித்துக்கொள்கிறோமே தவிர, உருவங்களை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எடுப்பதில்லை. எனவே 20 எலும்புக்கூடுகள் கொண்ட ஒரு ரெஜிமெண்டை 100 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள ஒரே பலகையில் நிலையாக ஒட்டிவிடலாம், அந்தப் பலகையையே ஒரு சிறு நிலக்காட்சியாகவும் அமைக்கலாம். சற்றுக் குறைவான உருவங்களை நிறுத்தவும் விதி இடம் தருவதால் பணமும் மிஞ்சும். ‘வார்ஹாமர்’ ஆட விரும்புவோர் ஒவ்வோர் உருவத்துக்கும் தனித்தனி பேஸ்களை (அடித்தட்டுகளை) வைத்துக்கொள்ள வேண்டும். அதன் வகைகளில், 2024இல் வெளிவந்த ‘ஓல்ட் வேர்ல்ட்’ ஆட்டத்தில் எலும்புக்கூட்டு வீரர்களுக்கு 25 மில்லிமீட்டர் சதுர பேஸ், ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’ ஆட்டத்தில் 25 மில்லிமீட்டர் வட்ட பேஸ். கைச்செலவு குறைவாக இருக்க வேண்டுமானால் ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ குழுவின் அடிப்படை விதிகள் இலவசம். எந்த நிறுவனத்தின் உருவத்தையும் அதில் பயன்படுத்தலாம்.

இரண்டு ரெஜிமெண்டுகள், ஒரு தலைவன், ஒரு சிறப்புப் பிரிவு ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். பெரும்பாலான விதிகளில் பேய்ப்படை மந்திரவாதியையோ தலைவனையோ நம்பித்தான் நகர்கிறது. ‘கிங்ஸ் ஆஃப் வார்’ ஆட்டத்தில் எலும்புக்கூடுகள்போல் தள்ளாடி நடக்கும் பிரிவுகளால் இருமடங்கு வேகத்தில் விரைய முடியாது, மந்திரத்தின் உந்துதலால்தான் அவை கூடுதலாக நகர முடியும். ஆகவே மந்திரவாதியைக் கடைசியில் வாங்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.

சிறப்புப் பிரிவுக்கு நான் தேர்ந்தெடுத்தது கவந்தம். தலை துண்டிக்கப்பட்ட பின்னும் களத்தில் நின்றாடும் முண்டத்தைப் பரணி மரபு நமக்குத் தந்திருக்கும்போது, அயல்நாட்டுக் காவியங்களில் பேய்களைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. செய்வதும் எளிது: உருவத்தைத் தலையில்லாமல் ஒட்டி, கழுத்தில் கிரீன் ஸ்டஃப் எனும் எபாக்ஸி புட்டியால் சிறு வெட்டுமுகம் அமைத்து, கைகளைத் துணங்கைக் கூத்தில்போல் முழங்கையில் மடக்கி விலாவோடு சேர்த்து நிறுத்த வேண்டும். மிச்சமாகும் தலைகள் மற்ற பலகைகளில் வேர்களுக்கிடையே கிடக்கட்டும். மந்திரவாதிக்குப் பதிலாகக் கூழ் அடும் பேய்மகள் ஒருத்தியைப் பானையோடும் அகப்பையோடும் அமைத்திருக்கிறேன். என் படையிலேயே எனக்கு மிகப் பிடித்த உருவம் அவள்தான்.

ஒட்டுதல்

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமெண்டையே பயன்படுத்துங்கள். அது இரு பாகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ரெசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது, அவற்றுக்கு சூப்பர் க்ளூதான் வேண்டும். சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகும் பொருள் என்பதால் மலைக்காற்றில் மிக விரைவாகப் பிடிக்கிறது. அதே காரணத்தால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்மையாகப் பூக்கவும் செய்கிறது. மிகச் சிறு துளி வைத்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டால் அது பெருமளவு குறையும்.

மேலைநாட்டுத் தலைக்கவசங்களும் நீண்ட கேடயங்களும் பெட்டியில் இருந்தால் ஒதுக்கிவிட்டு, சிறு வட்டக் கேடயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சோலையில் நூற்றாண்டுகள் கிடந்த இரும்பு முழுமையாக இருக்காது. ஈட்டி முனைகளையும் வாள் விளிம்புகளையும் கத்தியால் அரித்ததுபோல் செதுக்கிவிடுங்கள்.

மண்

உருவத்துக்கு நிறம் பூசும் முன்பே பலகையை அமைத்துவிட வேண்டும் என்பது என் முறை. மண்ணின் நிறம் கண்முன் இருந்தால்தான் எலும்பின் கறைக்கு எந்த நிறம் வேண்டும் என்பது தெரியும்.

3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை வெட்டி, இரு பக்கங்களிலும் ஃபெவிகால் கரைசலைப் பூசி உலரவையுங்கள். மேற்பக்கம் மட்டும் பூசினால் உலரும்போது பலகை வில்லாக வளைந்துவிடும். பிறகு தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்து கழித்த குச்சிகளைத் தேடிப் பிடியுங்கள். காய்ந்த தேயிலைக் கிளையின் முடிச்சும் முறுக்கும், காற்றுக்கு வளைந்து குட்டையாக வளரும் சோலை மரத்தின் தோற்றத்தை அப்படியே தருகின்றன. கடையில் விற்கும் எந்தச் செயற்கை மரமும் இதற்கு ஈடாகாது. நடுகல்லுக்கு உடைந்த பள்ளிக்கூடச் சிலேட்டு மிகச் சிறந்தது: பட்டைப்பட்டையாகப் பிளவதால் கல்லின் இயல்பான விளிம்பு கிடைக்கிறது, ஊசியால் கீறி வீரனின் உருவத்தையும் வரையலாம். சிறு தூண்களுக்குச் சிலேட்டுக் குச்சிகளே போதும்.

தோட்டத்து மண்ணைச் சலித்து வாணலியில் வறுத்த பின்பே பயன்படுத்துங்கள். சோலையின் மேல்மண் இலைமக்கால் கறுத்திருக்கும். வெளியே வெட்டுச்சரிவுகளில் நாம் காணும் செம்மண்ணை அப்படியே பூசினால் சோலை என்ற எண்ணம் வராது. கரும்பழுப்பை அடித்தளமாகக் கொண்டு, பலகையின் ஓரத்தில் மட்டும் செம்மண் எட்டிப்பார்க்கட்டும். பூ வைக்க விரும்பினால் குறிஞ்சியை விட்டுவிட்டுக் காட்டுப்பூவரசை (ரோடோடெண்ட்ரான்) எடுங்கள் என்பேன். நீலகிரி என்றதும் எல்லோர் கையும் குறிஞ்சியின் நீலத்துக்குத்தான் போகிறது. ஆனால் கறுத்த மண்ணிலும் பாசிப் பச்சையிலும் பளிச்செனத் தெரிவது காட்டுப்பூவரசின் சிவப்பு. அந்தச் சிவப்பையே தலைவனின் கிழிந்த கொடிக்கும் பூசியதால் படை முழுவதும் ஒன்றாக இணைந்து தெரிகிறது.

பாசி, மரப்பட்டை, மண் எதையும் காப்புக்காட்டிலிருந்து எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். கற்திட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் சிறு கல்லைக்கூடத் தொடக்கூடாது.

பிரைமர்: மலைவாசிகள் நிதானிக்க வேண்டிய இடம்

பிரைமர் என்பது நிறம் நன்றாகப் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சு. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகக் காலம் பிடித்தது இந்தப் படிதான்; சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வெளிவரும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பூச்சு வெளிறிப்போகும் அல்லது மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகும். அதன்மேல் எவ்வளவு கவனமாக நிறம் பூசினாலும் மண்டையோட்டின் நுண்வேலை திரும்ப வராது.

இங்கே தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை நனைக்கிறது. வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கிறது. மழையில்லாத நாளிலும் பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவிடும். ஸ்ப்ரேதான் வேண்டும் என்போர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் நன்றாக ஏறிய முற்பகலில் அதை முடித்துவிட வேண்டும். ஈரமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, 60 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடாமல் இருப்பது என் வழக்கம். இரவு முழுவதும் குளிர்ந்த வராந்தாவில் இருந்த உருவங்களை அப்படியே எடுத்துப் பூசக் கூடாது. அவை அறையின் வெப்பத்துக்கு வர நேரம் கொடுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைக்கலாம், அடுப்பின் அருகே ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது.

என் பரிந்துரை, ஸ்ப்ரேயையே விட்டுவிட்டுத் தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுவது. வாயேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமரை நான் பயன்படுத்துகிறேன். உருவங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பின், தண்ணீர் கலக்காமல், மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பூச வேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் அது முழுமையாக இறுகுவதற்கு ஒருநாளாவது தேவை. அதற்குள் நகம் பட்டால் தோலாக உரிந்து வரும். மழைக்காலத்தில் மூடியுள்ள அட்டைப்பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உருவங்களை வைத்து உலர்த்துங்கள்.

நிறம்

எலும்புக்கு வேகமான வழி டிரை பிரஷ்: தூரிகையிலுள்ள நிறத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் படும்படி தேய்ப்பது. கறுப்பு பிரைமரின்மேல் முதலில் கரும்பழுப்பு, அடுத்து சாம்பல்பழுப்பு, கடைசியில் மேலிருந்து மட்டும் எலும்பு நிறம். இதற்கு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் உருண்டை மேக்கப் பிரஷ்ஷே போதும். விலையுயர்ந்த தூரிகையை இதில் பாழாக்காதீர்கள். பிறகு பழுப்பு வாஷை (குழிவுகளில் தேங்கும் நீர்த்த நிறம்) இடுப்புக்குக் கீழே மட்டும் தாராளமாக விடுங்கள்: மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதி அடர்ந்தும், தலையும் தோளும் வெளிறியும் தெரியும்.

பாசி எங்கே வளரும் என்பதை வீட்டு மதிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நீர் தங்கும் தோள்பட்டை, மண்டையோட்டின் உச்சி, கேடயத்தின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில்தான் அது பிடிக்கும். நுண்ணிய மரத்தூளை அடர்பச்சை நிறத்திலும் ஃபெவிகாலிலும் குழைத்து அங்கே ஒற்றியெடுங்கள். கேடயத்துக்கு வெண்கல நிறம் பூசி, குழிவுகளில் மட்டும் நீர்த்த நீலப்பச்சையை விட்டு, மேடான பகுதிகளைத் துணியால் துடைத்தால் செம்புக் களிம்பு வந்துவிடும். சிட்டாடல் நிறங்களில் நிஹிலாக் ஆக்ஸைட் என்பது இதற்கென்றே உள்ளது. மாணவர்களுக்கான அக்ரிலிக் நிறங்கள் பலகைக்குப் போதுமானவை. உருவத்தில் அவற்றின் நிறத்துகள் தடித்துத் தெரியும்.

கடைசியில், நிறத்தைக் காக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். பிரைமருக்குச் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும், இதையும் தூரிகையாலேயே பூசுங்கள். ஸ்ப்ரே வார்னிஷ் ஏற்கெனவே வெண்புகையாகப் படிந்துவிட்டவர்கள் உருவத்தைக் கழுவி எறிய வேண்டியதில்லை. அதன்மேல் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். அது நன்றாகக் காய்ந்த பின் மீண்டும் மேட் பூசலாம்.

பின்சேர்க்கை

உதிர்ந்த இலைகளுக்குப் பயன்படுத்திய தேயிலைத் தூளைத் தூவலாமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தூவலாம், நானும் தூவுகிறேன். ஆனால் வெயிலில் உலர்த்தியது மட்டும் இந்த ஊரில் போதாது. உள்ளே ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். பால் கலக்காத தேநீரின் சக்கையைக் கழுவி, குறைந்த தீயில் வாணலியில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்து, ஆறிய பின் ஒட்டுங்கள். தேயிலையின் சாயம் ஃபெவிகாலில் கசிந்து அருகிலுள்ள புல்லையும் பழுப்பாக்கும் என்பதால் முதலில் தேயிலையை ஒட்டி, அதன்மேல் நீர்த்த ஃபெவிகாலால் ஒரு பூச்சுக் கொடுத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே புல்லை வைக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து எழுதியவர் உறைபனியை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தார். புல்லின் நுனியை வைக்கோல் நிறத்தில் டிரை பிரஷ் செய்து, அதன் உச்சியில் மட்டும் மிக மெல்லிய வெள்ளையைத் தொட்டுவிடுங்கள். பேக்கிங் சோடாவைத் தூவும் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம், ஈரக்காற்றில் அது நாளடைவில் மஞ்சளாகும்.