தாழ்மையில் மறைந்திருக்கும் மகிமை: தவக்கால வேதபாடம் நடத்துவோருக்கு

குழித்துறை, களியக்காவிளை, பாறசாலைப் பகுதிகளில் தவக்காலத்தில் வீட்டு ஜெபக்கூட்டமோ அன்பியக் கூட்டமோ (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) நடத்துவோர், திருச்சபை என்பது எது என்ற கேள்வியை எடுத்தால், மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில் இயேசுவே கிறிஸ்து என்று பேதுரு செய்த அறிக்கையோடு நிறுத்திவிடுவது வழக்கம். அங்கே நிறுத்தாதீர்கள். அடுத்த சில வசனங்களிலேயே தாம் பாடுபட்டுச் சாக வேண்டும் என்று இயேசு சொல்வதை அதே பேதுரு தடுக்கிறார், இயேசுவால் கடுமையாகக் கடிந்துகொள்ளப்படுகிறார். சரியான அறிக்கை செய்த சபைக்கும் சிலுவையில் மகிமையைக் காணத் தெரியாமல் போகலாம் என்பதைக் கூட்டத்தார் அந்த இடத்திலேயே உணரட்டும்.

பிறகு யோவான் 12-ஆம் அதிகாரத்தில், தாம் மகிமைப்படும் வேளை வந்தது என்று இயேசு சொல்லும் 23-ஆம் வசனத்திலிருந்து சிறிது தூரம் வாசித்து, தொடர்ந்து 13-ஆம் அதிகாரத்தில் கால்களைக் கழுவும் பகுதியை நிதானமாக வாசிக்கச் செய்யுங்கள். "நாம் ஏன் தாழ்மையாக இருக்க வேண்டும்?" என்று கேட்டால் நன்னடத்தை உபதேசம்தான் பதிலாக வரும், "இந்தக் காட்சியில் மகிமை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று அறிந்தவராகவே இயேசு பந்தியை விட்டு எழுந்து துண்டைக் கட்டிக்கொள்கிறார் என்பதை யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். மாறுவேடத்தில் நகர்வலம் வரும் அரசன் அரண்மனை திரும்பியதும் வேடத்தைக் களைந்துவிடுவான். உயிர்த்தெழுந்த கர்த்தரோ தோமாவுக்குத் தம் காயங்களையே காட்டுகிறார். எனவே தாழ்மையை மகிமைக்கு முன்வரும் தற்காலிகக் கட்டமாகக் கற்பிப்பது, என் பார்வையில், இந்தப் பாடத்தையே கெடுத்துவிடும்.

உள்ளூர் எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவரை எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்திக் கொண்டுபோனபோது, சாலையோரம் நின்றவர்கள் கண்டது ஒரு தண்டனைக் கைதியைத்தான். 1752-இல் காற்றாடிமலையில் அவர் சுடப்படுவதற்கு முன்பு நாம் அங்கே இருந்திருந்தால் யாரைக் கண்டிருப்போம் என்று கேட்டுவிட்டு, உடனே பதில் எதிர்பார்க்காமல் சற்று அமைதியாக இருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். பிலிப்பியர் 2-இல் கிறிஸ்து தம்மைத் தாமே வெறுமையாக்கினார். மற்றவர்கள் சுமத்தும் இழிவு அத்தகையது அன்று. தென்திருவிதாங்கூரில் தோள்சீலை (மார்பை மறைக்கும் மேலாடை) அணியும் உரிமைக்காகப் போராடிய பெண்களிடம், 1859-இல் அரச அறிவிப்பு வரும்வரை தாழ்மையாக இருங்கள் என்று எவராவது போதித்திருந்தால், அது சுவிசேஷமாக இருந்திருக்காது. வேதபாடத்தில் அடங்கிப்போகும்படி அறிவுரை கேட்டே பழகியவர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். இந்த வேறுபாட்டை அவர்கள் முன்னிலையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அதன்பின் சபையின் பந்திக்கு வாருங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள் என்று 1 கொரிந்தியர் 11 கூறுகிறது. அப்படிக் கூடிவருவது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்பது பவுலின் தீர்ப்பு. ஆலயத்தில் எல்லோரும் கூடி உண்ணும் அசன விருந்தில் முதல் பந்தியில் யார் அமர்கிறார்கள், இலை எடுப்பவர் யார், மலையாளம் மட்டும் பேசும் மருமகள் யார் பக்கத்தில் உட்கார்கிறாள் என்று கூட்டத்தாரே சொல்லட்டும். விவாதம் சூடாகலாம், பெயர் சொல்லிக் குறைகூற மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு உங்கள் ஆலயத்தில் உண்டென்றால், பாதம் கழுவப்பட வேண்டியவர்களின் பட்டியலை இந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்து, பங்குத்தந்தையிடம் கொடுங்கள். கத்தோலிக்க வழிபாட்டில் பெண்களையும் தேர்ந்தெடுக்க 2016 முதல் வெளிப்படையான அனுமதி உண்டு. கமிட்டி உறுப்பினர்களின் பெயர்களை முதலில் எழுதிவிட்டு, மீதி இடங்களுக்கு ஆள் தேடும் பழக்கத்தை இந்த ஆண்டு மாற்றிப் பாருங்கள்.